கப்பல் புறப்படுமுன் ஓர் அரைமணி நேரம்



சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களில் ஒன்று என் மேசையை விட்டு அகலாமலே கிடந்தது. எழுதியவர் இரண்டு குழந்தைகளின் தாய். கணவர், மாமனார், மாமியார், நாத்தனார், இரு குழந்தைகள் ஆகியோருடன் சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் உல்லாசக் கப்பற் பயணம் சென்று வந்திருக்கிறார். கப்பல் புறப்படுவதற்குச் சற்று முன்னர், பயணிகள் அனைவரும் பாதுகாப்பு ஒத்திகைக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். மாமனார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "பெண்பிள்ளைகள் அந்நியக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம். அறையிலேயே இருங்கள். மகன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். அல்லாஹ் எழுதியதைச் சட்டையா தடுக்கப் போகிறது?"

மகன் சென்றார். ஆனால் சற்று நேரத்தில் கப்பற் பணியாளர் இருவர் அறைக்கதவைத் தட்டி, பெண்கள் உட்பட அனைவரும் வந்தேயாக வேண்டும் என்று கூறிவிட்டனர். மாமனார் அதைத் தம் குடும்பத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டாராம். நான்கு நாளும் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லையாம். "யார் செய்தது சரி? மார்க்கத்தின் பெயரால் மாமா சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?" என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

கப்பற் பணியாளர் செய்ததே சரி. இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மாமனாரையும் எடுத்தெறிந்து பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் கூறியதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, மானம் பற்றிய கவலை. மற்றொன்று, தக்தீர் பற்றிய நம்பிக்கை. இரண்டும் நம் இல்லங்களில் மதிக்கப்படுபவை. மதிக்கப்படும் ஒன்றைத் தவறான இடத்தில் பயன்படுத்தும்போதுதான் இடர் பெரிதாகிறது.

நம்மவர்க்குக் கப்பல் புதிதன்று. நாகூரிலும் காயலிலும் கீழக்கரையிலும் கப்பலைப் பற்றிய பேச்சில்லாத வீடு முன்பு இருந்ததில்லை. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல்கள் 1995 வரை ஓடின. சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றி உயிர்கள் பலியானதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று கப்பலேறியவர் பிழைப்புக்காகவோ ஹஜ்ஜுக்காகவோ ஏறினர். ஏறும்போதே உள்ளத்தில் ஓர் அச்சமும், நாவில் ஒரு துஆவும் இருந்தன. இன்றைய உல்லாசக் கப்பல் அப்படியன்று. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இத்தகைய கப்பற் பயணம் தொடங்கப்பட்டது. பளிங்குத் தரையும் நீச்சற்குளமும் கடைவீதியுமாக இருக்கும் அதனுள் நுழைந்தால், நாம் கடலின் மேல் நிற்கிறோம் என்பதே நினைவுக்கு வருவதில்லை. அந்த நினைவை ஒருமுறை எழுப்பிவிடுவதுதான் ஒத்திகையின் முதற்பயன்.

இத்தாலியக் கப்பலான கோஸ்டா கொன்கார்டியாவுக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். இன்று கப்பல்களில் பின்பற்றப்படும் கண்டிப்புக்குப் பெருங்காரணம் அந்த ஓர் இரவுதான்.

2012 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை மாலை. ரோமாபுரிக்கு அருகிலுள்ள சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து அக்கப்பல் சவோனாவை நோக்கிப் புறப்பட்டது. பயணிகளும் பணியாளருமாக 4,200க்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். கப்பலின் நீளம் 290 மீட்டர். தலைவர் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ, ஜிக்லியோ என்னும் சிறு தீவின் கரையை ஒட்டிக் கப்பலைச் செலுத்தினார். கரையிலுள்ளோருக்கு வணக்கம் கூறுவது போல இப்படி நெருங்கிச் செல்வது ஒரு வழக்கமாம். கடலில் வீம்புக்கு இடமில்லை. இரவு 9.45 மணியளவில் பாறை கப்பலின் இடப்புற வயிற்றை 50 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

பயணிகளிற் பலர் அப்போது இரவு உணவில் இருந்தனர். விளக்குகள் அணைந்தன. தட்டுகள் சரிந்தன. ஒலிபெருக்கியில் வந்ததோ, மின்சாரக் கோளாறு, விரைவில் சரியாகிவிடும் என்னும் சமாதானம். சிலரிடம், அறைகளுக்கே திரும்பிச் செல்லுங்கள் என்றும் பணியாளர் கூறினர். கப்பலைக் கைவிடுமாறு கட்டளை பிறந்தபோது மோதி ஒரு மணி நேரம் கடந்துவிட்டது. அதற்குள் கப்பல் ஒருக்களித்துச் சாயத் தொடங்கியிருந்தது. சாய்வு மிகுந்தபின் உயர்ந்த பக்கத்துப் படகுகளை ஒழுங்காகக் கீழிறக்க முடியவில்லை. மறு பக்கத்திலோ மக்கள் முண்டியடித்தனர். இத்தனையும் கரையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நடந்தன. 32 பேர் மாண்டனர். அவர்களுள் 5 வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. இறுதியாக, 2014 நவம்பரில் கண்டெடுக்கப்பட்ட உடல் ஓர் இந்தியப் பணியாளருடையது. உணவு பரிமாறுபவராக வேலை செய்தவர்.

இனி நமக்கு வேண்டிய செய்திக்கு வருவோம். அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறிய ஏறத்தாழ 700 பயணிகளுக்கு ஒத்திகை நடத்தப்படவில்லை. மறுநாள் நடத்துவதாக ஏற்பாடு. இதில் சட்டமீறல் ஏதுமில்லை என்பதுதான் வேதனை! அன்றைய பன்னாட்டு விதி, பயணி ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடந்தால் போதும் என்றது. கடலோ 24 மணி நேரம் பொறுக்கவில்லை. புறப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் விபத்து வந்துவிட்டது. எந்தப் படிக்கட்டு, எந்தத் தளம், மிதவை அங்கி எங்கே என்று அறியாமலே அந்த எழுநூறு பேரும் இருட்டில் தடுமாற நேர்ந்தது.

அதன்பின் விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், புதிதாக ஏறிய பயணிகளுக்குக் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும். நம் சகோதரியின் அறைக்கதவைத் தட்டிய பணியாளரின் கையில் இருந்தது இந்த விதிதான். வர மறுப்பவரைக் கரையிலேயே இறக்கிவிட்டுச் செல்லவும் கப்பல் நிறுவனங்கள் தயங்குவதில்லை. ஸ்கெட்டினோவுக்கு 2015இல் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

இத்தகைய விதிகளெல்லாம் சாவுக்குப் பிறகே பிறக்கின்றன. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் ஏறத்தாழ 2,200 பேருக்கு 1,178 பேர் அமரக்கூடிய படகுகளே இருந்தன என்பது பலர் அறிந்த செய்தி. பலர் அறியாதது, இருந்த இடங்களும் நிரம்பவில்லை என்பது. முதலில் இறங்கிய படகில் 65 பேர் அமரலாம். ஏறியிருந்தவர் 28 பேர். உயிர் தப்பியவர் மொத்தம் எழுநூற்றுச் சொச்சம். பயணிகளுக்கு ஒத்திகை நடக்காத கப்பலில், உறுதியாக நிற்பது போலத் தோன்றிய பெருங்கலத்தை விட்டுவிட்டு இருட்டில் சிறு படகில் இறங்க மனிதர் அஞ்சினர். கடலில் உயிர் பாதுகாப்புக்கான முதற் பன்னாட்டு உடன்படிக்கை 1914இல் எழுந்தது அந்தத் துயரத்தின் விளைவாகத்தான்.

சரி, அந்த அரைமணி நேரத்தில் என்னதான் நடக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியுமாகச் சங்கு முழங்கும். உலகில் எந்தப் பயணிக் கப்பலிலும் அபாய அறிவிப்பு இதுதான். மொழி தெரியாதவருக்கும், படிக்காத மாமிக்கும் அது புரியும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கூடுமிடம் குறிக்கப்பட்டிருக்கும். அதன் எழுத்தோ எண்ணோ அறைக் கதவின் உட்புறத்திலும், பயணியின் அட்டையிலும் காணப்படும். அங்கே சென்று நின்றால் தலை எண்ணுவார்கள். மிதவை அங்கியை அணியும் முறையைச் செய்து காட்டுவார்கள். அதில் ஒரு சிறு விளக்கும் ஊதலும் இருப்பதைக் காட்டுவார்கள். மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது, படிக்கட்டே வழி என்பார்கள். அவ்வளவுதான்.

படகில் ஏற்றிக் காட்டுவதில்லையே என்று சிலர் குறைபடுவதுண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் கானரித் தீவுகளின் லா பால்மா துறைமுகத்தில் தாம்சன் மெஜஸ்டி என்னும் கப்பலில் பணியாளரின் படகு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, இரும்புவடம் அறுந்து படகு கவிழ்ந்து 5 பணியாளர் இறந்தனர். பயணிகளைக் காப்பதற்கான பயிற்சியிலேயே உயிர் நீத்தவர்கள் அவர்கள். படகை இறக்கும் வேலை அவர்களுடையது. கூடுமிடத்துக்கு வந்து சேரும் வேலை மட்டுமே நம்முடையது.

அந்தச் சிறு வேலையின் அருமையை நார்வே நாட்டுக் கடலில் கண்டார்கள். 2019 மார்ச் 23 அன்று வைகிங் ஸ்கை என்னும் கப்பல் புயலில் எந்திரம் நின்று பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர் 1,373 பேர். பயணிகளிற் பெரும்பாலோர் முதியவர்கள். படகிறக்க வழியில்லாத பேரலை. மிதவை அங்கி அணிந்து மணிக்கணக்கில் கூடுமிடங்களில் அமர்ந்திருந்தவர்களை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கின. 479 பேர் இவ்வாறு கரை சேர்ந்தனர். எஞ்சியோருடன் கப்பல் மறுநாள் துறைமுகம் அடைந்தது. ஓர் உயிரும் போகவில்லை. யார் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்திராவிட்டால், அறை அறையாகத் தேடுவதற்கே அந்த இரவு போதாது போயிருக்கும்.

இனி மாமனாரின் முதற் கவலை. மானம். ஒத்திகையில் பெண்கள் தலைமுக்காட்டை நீக்க வேண்டியதில்லை. புர்காவைக் களைய வேண்டியதும் இல்லை. அங்கியை உடைக்கு மேலேயேதான் அணிகிறார்கள். தொங்கும் துப்பட்டாவின் முனைகளை உள்ளே செருகிக்கொண்டு வாரை இறுக்கினால் போதும். தொட்டு உதவ வேண்டுமானால் பெண் பணியாளரை அனுப்பும்படி கேட்பதில் தவறேதுமில்லை. கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கிறதே என்றால், கப்பலின் உணவுக்கூடத்திலும் அதே கூட்டந்தான் இருக்கிறது. அங்கே போகும்போது எழாத தயக்கம் இங்கே மட்டும் எழுவானேன்?

"மகன் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்" என்பதுதான் எனக்குக் கவலையளிக்கும் சொல். விபத்து நேரத்தில் மகன் அருகில் இருப்பான் என்று யார் உறுதி கூறுவது? அவன் மேல்தளத்திலோ தொழுகையிடத்திலோ இருக்கலாம். 1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் எஸ்டோனியா என்னும் பயணிக் கப்பல் நள்ளிரவுக்குப் பின் மூழ்கியது. அதில் இருந்த 989 பேரில் 852 பேர் மாண்டனர். தப்பிய 137 பேரில் பெண்கள் முப்பதுக்கும் குறைவு. கப்பலில் இருந்தவர்களிலோ ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள்! கப்பல் விரைவாகச் சாய்ந்தது, படிக்கட்டுகள் சுவர்களாயின. உடல்வலிமை ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வலிமை குறைந்தவருக்குத்தான் வழி முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும், முதல் நிமிடத்திலேயே புறப்பட வேண்டும். பெண்ணின் மானம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அவளுடைய உயிரும் அந்தக் குடும்பத் தலைவரின் பொறுப்பில் உள்ள அமானிதந்தான்.

இரண்டாவது, தக்தீர். அல்லாஹ் நாடியதே நடக்கும் என்பதில் ஐயங்கொள்ள நாம் யார்? ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின்மேல் பொறுப்பைச் சாட்டவா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்பை ஒப்படைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரியும். அதைவிட எனக்கு நெருக்கமாகப் படுவது உஹதுக் களத்துச் செய்தி. அன்று அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் உண்டா? அவர்களே கவசத்தின்மேல் கவசம் அணிந்திருக்க, ஆரஞ்சு நிறத்து மிதவை அங்கி ஒன்று நம் ஈமானைக் குறைத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நூஹ் நபி (அலை) அவர்களுக்கு வெள்ளம் வருமுன்னரே கலத்தைக் கட்டும்படிதான் கட்டளை வந்தது. மாமனாரிடம் இதை வாதமாக வைக்காதீர்கள், சகோதரி. நல்ல வேளை பார்த்து, உங்கள் கணவர் மூலம் பேசுங்கள். அவர் ஊர்ப் பள்ளியின் இமாமிடம் கேட்டாலும் வேறு விடை வராது.

ஆபத்தில் கப்பற்காரர் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்றும் சிலர் கேட்கக்கூடும். பெரும்பாலும் பார்த்துக்கொள்வார்கள். எப்போதும் அல்ல. 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கரையருகே ஓஷியானோஸ் என்னும் கிரேக்க உல்லாசக் கப்பல் மூழ்கியபோது, பயணிகள் பலர் இன்னும் கப்பலில் இருக்கையிலேயே அதன் தலைவர் ஹெலிகாப்டரில் வெளியேறிவிட்டார். மக்களைத் திரட்டி ஏற்றிவிடும் வேலையைச் செய்தவர்கள், பாட்டுப் பாடவும் வேடிக்கை காட்டவும் வேலைக்கு வந்திருந்த கலைஞர்கள். இறைவன் அருளால் 571 பேரும் பிழைத்தனர்.

நம் சமுதாயத்தின் நினைவில் இருக்க வேண்டிய கதை ஒன்று இதற்கும் முந்தியது. 1880இல் ஜித்தா என்ற பெயருடைய நீராவிக் கப்பல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஆயிரத்தை நெருங்கிய ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஆண்கள், பெண்கள், பச்சிளங் குழந்தைகள். கடுங்காற்றில் நீர்க்கசிவு ஏற்பட்டது. ஏடனுக்குக் கிழக்கே, ஆகஸ்ட் 8ஆம் நாள், கப்பல் தலைவரும் ஐரோப்பிய அதிகாரிகளும் படகொன்றில் இறங்கி ஹாஜிகளைக் கடலோடு விட்டுவிட்டுச் சென்றனர். வழியில் வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. ஏடனை அடைந்ததும், கப்பல் பயணிகளோடு மூழ்கிவிட்டது என்றே அறிவித்தனர். ஆனால் ஹாஜிகள் கைசோர்ந்து அமரவில்லை. நீரை இறைத்துக்கொண்டே இருந்தனர். ஆண்டெனர் என்னும் கப்பல் அவர்களைக் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. மூழ்கியதாகச் சொல்லப்பட்ட கப்பல், சில நாட்களில் ஏடன் துறைமுகத்துக்குள் உயிர்களோடு வந்து நின்றது! விசாரணையில் அந்தத் தலைவரின் உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகள். ஜோசப் கான்ராட் எழுதிய லார்ட் ஜிம் என்னும் ஆங்கில நாவலுக்கு இந்நிகழ்ச்சிதான் வித்து. அதில் கைவிட்டவனின் மனச்சான்று விரிவாகப் பேசப்படுகிறது. கைவிடப்பட்ட ஹாஜிகளின் கதையை எழுத நம்மில் ஒருவரேனும் முன்வரலாகாதா?

சகோதரியின் கடிதத்தில் கடைசியாக இன்னொரு கேள்வியும் இருந்தது. கைக்குழந்தைக்கு அங்கி கொடுத்தார்களா என்பது அவருக்கு நினைவில்லையாம். பெரியவர்களின் அங்கி குழந்தைக்கு உதவாது; நீரில் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். குழந்தைகளுக்கான அங்கிகளும், கைக்குழந்தைகளுக்கான தனி அங்கிகளும் கப்பலில் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் எல்லா அறைகளிலும் அவை வைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அறைக்குள் நுழைந்ததும் பணியாளரை அழைத்து, பிள்ளையின் வயதையும் எடையையும் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள். சிறு குழந்தைகளின் மணிக்கட்டில் கூடுமிடத்தின் எழுத்துப் பொறித்த பட்டை கட்டும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. அழகுக்காகக் கட்டியது என்று அதை அவிழ்த்துவிட வேண்டாம். பெற்றோரைப் பிரிந்து நிற்கும் குழந்தையை எங்கே சேர்ப்பது என்பது அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் தெரியும்.

கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் சில நிறுவனங்கள் கூட்டமாக நிறுத்தி வைக்கும் முறையைக் கைவிட்டிருக்கின்றன. கைப்பேசியிலோ அறையின் தொலைக்காட்சியிலோ விளக்கப்படத்தைப் பார்த்துவிட்டு, பயணி தமக்கு வசதியான நேரத்தில் கூடுமிடத்துக்குச் சென்று பெயரைப் பதிந்து வரலாம். அந்நியக் கூட்டத்தை எண்ணிக் கூசும் நம் பெண்களுக்கு இது ஏற்ற முறை. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு நடந்து சென்று வர முடியும். படத்தைப் பார்த்ததோடு நின்றுவிட்டால் மட்டும் கணக்கில் சேராது. மாமியார் உட்பட ஒவ்வொருவரும் தம் காலாலேயே படியேறி அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும். திரும்பி வருகையில், அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். இருட்டிலும் புகையிலும் கைதடவிச் செல்ல அந்த எண்ணிக்கைதான் உதவும்.